வெப்பம் தாங்கும் வளையம்

குறிகட்டுவான் இறங்குதுறையிலே காலை வேளையில் நிற்பவர் தீவக வாழ்வின் முழு உருவத்தையும் ஒரே பார்வையிற் காணலாம். நெடுந்தீவுப் படகிலே அரிசி மூடைகளும் மருந்துப் பெட்டிகளும் ஏறுகின்றன. பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர்கள் ஏறுகின்றனர். பக்கத்திலே நிற்கும் நயினாதீவுப் படகில் நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களும் நாகதீப விகாரைக்குச் செல்லும் யாத்திரிகர்களும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். நெடுந்தீவிலிருந்து வந்து சேரும் படகிலோ, சில நாட்களில், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியை நோக்கிச் செல்லும் நோயாளி ஒருவர் இருப்பார். அல்லது பிரசவ நாள் நெருங்கிய தாய் ஒருத்தி இருப்பாள். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம் அவர்களுக்கும் வைத்தியருக்கும் இடையே கிடக்கின்றது.

இத்தனை பேருடைய காரியங்களும் படகின் அடித்தளத்தில் முழங்கிக்கொண்டிருக்கும் டீசல் எந்திரம் ஒன்றையே நம்பியுள்ளன. அந்த எந்திரமோ, தன்னுள்ளே இருக்கும் மெல்லிய உலோக வளையங்கள் சிலவற்றை நம்பியுள்ளது. விரலில் அணியும் மோதிரம் அளவினவும் உண்டு. கைவளையல் அளவினவும் உண்டு. பட்டறைகளில் அவற்றை வாசர் என்றும் கஸ்கெற் என்றும் அழைப்பர். தட்டையான இரண்டு உலோக முகங்கள் சந்திக்கும் இடத்தில் அமர்ந்து, உள்ளே இருக்கும் வாயுவும் நீரும் எண்ணெயும் வெளியே கசியாமற் காப்பதே அவற்றின் தொழில். கொதிக்கும் வெப்பத்திலும் அத்தொழிலைச் செய்யும் வளையத்தை எவ்வாறு அமைப்பது என்பது எந்திரக் கலையின் நுட்பமான கேள்விகளில் ஒன்றாகும்.

இக்கேள்வியின் அடிப்படை தீவக மக்களுக்குப் புதியதன்று. புட்டு அவிக்கும் தாய்மாரைக் கவனித்தால் அது விளங்கும். பானையின் வாயிலே நீற்றுப்பெட்டியை வைத்ததும், இரண்டும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி ஈரத்துணி ஒன்றைச் சுற்றுவர். துணி இல்லாவிடின் நீராவி இடைவெளியால் ஓடிவிடும்; மா வேகாது. பாய்க்கப்பல்கள் வந்து போன ஊர்காவற்றுறைக் கரையிலே தோணிகளுக்குக் கலப்பற்றுப் பார்த்தவர்களும் இதே உண்மையை அறிந்திருந்தனர். இரு பலகைகளை எவ்வளவு நெருக்கி இணைத்தாலும் நடுவே நீர் புகும். ஆதலால் மென்மையான நாரைத் திணித்து அந்த வழியை அடைத்தனர். வன்மையான இரு பொருள்களுக்கு நடுவே மென்மையான ஒன்று வேண்டும் என்பதே இவ்விரண்டு தொழில்களும் காட்டும் முதற்பாடம்.

பலகை கரடுமுரடானது, இழைத்து மெருகிட்ட இரும்புக்கு நடுப்பொருள் எதற்கு என்று ஒருவர் வினவலாம். கண்ணுக்குக் கண்ணாடிபோலத் தோன்றும் இரும்பு முகத்தையும் உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தால், உழுத வயல்போல மேடும் பள்ளமுமாகவே தெரியும். கடைசல் எந்திரத்தின் உளி சென்ற சுவடுகள் அவை. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்குரோன் என்பர். நல்ல முறையிற் கடைந்த முகத்திலும் இப்பள்ளங்களின் ஆழம் சில மைக்குரோன் இருக்கும். இத்தகைய இரு முகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ளும். பள்ளங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து வாயுவுக்கு வழியாகிவிடும். அழுத்தம் மிகுந்த வாயுவுக்கு அந்த வழி போதும். நடுவே இடப்படும் பொருள் அப்பள்ளங்களுட் பாய்ந்து அவற்றை நிரப்பவேண்டும்.

நீற்றுப்பெட்டியின் துணிக்கு எதிரி நூறு பாகை நீராவி ஒன்றே. டீசல் எந்திரத்தின் உள்ளே நிலைமை வேறு. எரிபொருள் எரியும் கணத்தில் உருளையினுள் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசையும் கடக்கும். எந்திரம் முழுச்சுமையோடு ஓடும்பொழுது, புகைக்குழாய்க்கு வரும் வாயு ஏறத்தாழ 400 முதல் 600 பாகை வரை சூடாயிருக்கும். சாதாரண இறப்பர் நூறு பாகையைச் சற்றுக் கடந்ததும் இறுகி வெடிக்கத் தொடங்கும். கடதாசியும் தக்கையும் கருகிப் போகும். ஈயம் மென்மையானதுதான்; ஆனால் 327 பாகையில் உருகி ஓடிவிடும். அலுமினியம் உருகுவது 660 பாகையில். அதற்கு வெகு முன்னரே அது வலுவிழந்துவிடும். செம்பு உருக ஏறத்தாழ 1,085 பாகை வேண்டும். மென்மையும் வெப்பம் தாங்கும் ஆற்றலும் ஓரளவு ஒருங்கே அமைந்த மலிவான உலோகம் என்பதாலேயே செம்பு வளையம் எந்திரங்களில் இடம் பிடித்தது. எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டரின் அடியிலே இன்றும் பல எந்திரங்களில் செம்பு வளையமே அமர்ந்திருக்கின்றது.

செம்புக்கு ஒரு குணம் உண்டு. அடிக்க அடிக்க, நசுக்க நசுக்க அது இறுகும். நகை செய்யும் பத்தர் பொற்கம்பியையும் வெள்ளித் தகட்டையும் தட்டும்போது இடையிடையே நெருப்பிற் காய்ச்சுவதன் காரணம் இதுவே. ஒருமுறை மரையாணிகளுக்கிடையே நசுங்கிய செம்பு வளையம் இறுகிய வளையமாகும். அதை அப்படியே மீண்டும் இட்டால், புதிய முகத்தின் மேடுபள்ளங்களுக்கு இசைந்து கொடுக்காது, கசியும். அதனை மங்கிய செந்நிறம் தோன்றும்வரை சூடாக்கி ஆறவிட்டால் பழைய மென்மை திரும்பும். உருக்கைக் காய்ச்சி நீரில் இட்டால் அது கடினமாகும் என்று பாடசாலையிற் படித்தவர், செம்பை நீரில் இட அஞ்சுவர். அந்த அச்சம் வேண்டியதில்லை. செம்பு நீரில் ஆறினாலும் காற்றில் ஆறினாலும் மென்மையாகவே இருக்கும். எனினும் நசுங்கி மெலிந்த வளையத்தின் கனம் திரும்பி வராது. இன்ஜெக்டரின் முனை உருளைக்குள் எவ்வளவு நீண்டிருக்கவேண்டும் என்பதை அவ்வளையத்தின் கனமே தீர்மானிக்கின்றது. ஆகவே இயன்றவரை புதிய வளையம் இடுவதே நன்று. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பழைய வளையங்களை அடுக்குவது பிழையான வைத்தியமாகும்.

இனி வளையத்தின் அகலத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் கூடினால் அடைப்பும் உறுதியாகும் என்றே பொதுவாக எண்ணத் தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கின்றது. பத்துச் சென்ரிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அதனுள் எரிபொருள் எரியும்போது ஒவ்வொரு சதுர சென்ரிமீட்டரிலும் 100 கிலோகிராம் நிறைக்குச் சமமான அழுத்தம் எழுகிறது எனக் கொள்வோம். உருளை வாயின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர சென்ரிமீட்டர். ஆகவே மேல்மூடியைத் தூக்கி எறிய முயலும் விசை 7,850 கிலோகிராம். ஏறத்தாழ எட்டுத் தொன். அதுவும் நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான தடவை. மரையாணிகள் இவ்விசையை எதிர்த்து மூடியைப் பிடித்துக்கொள்வதோடு, வளையத்தை நசுக்குவதற்கு வேண்டிய விசையையும் மிச்சமாக வைத்திருத்தல் வேண்டும்.

அந்த மிச்சம் 10,000 கிலோகிராம் என்று கொள்வோம். வளையத்தின் அகலம் ஒன்றரைச் சென்ரிமீட்டரானால் அதன் பரப்பு ஏறத்தாழ 54 சதுர சென்ரிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்ரிமீட்டருக்கும் கிடைப்பது 185 கிலோகிராம் மாத்திரமே. செம்பு இதற்கு அசையாது. அகலத்தை மூன்று மில்லிமீட்டராகக் குறைத்தால் பரப்பு பத்துச் சதுர சென்ரிமீட்டராகும். ஒவ்வொன்றுக்கும் 1,000 கிலோகிராம் கிடைக்கும். காய்ச்சி மென்மையாக்கிய செம்பு இந்த நெருக்குதலில் இளகி, முகத்தின் பள்ளங்களுட் புகுந்து அடைத்துவிடும். ஒடுங்கிய வளையமே அடைக்கின்றது என்பது இதனால் விளங்கும். கத்தியின் கூர்மை வெட்டுவதும் இதே நியாயத்தால் அன்றோ! காற்றை முற்றாக வெளியேற்றிய ஆய்வுக்கலங்களில், இரு முகங்களிலும் கத்திவிளிம்பு போன்ற வரம்பைக் கடைந்து, நடுவே செம்பு வளையத்தை வைத்து இறுக்கும் வழக்கம் இக்கருத்திலிருந்தே பிறந்தது.

முகத்தில் உளி விட்ட சுவடுகளும் கவனத்திற்கு உரியவை. அவை வளையத்தோடு ஒத்து வட்டமாகச் சென்றால் தீங்கில்லை. ஒவ்வொரு சுவடும் வாயுவுக்கு ஒரு வரம்பாகவே நிற்கும். உள்ளிருந்து வெளியே குறுக்காகச் செல்லும் ஒரேயொரு கீறலோ வாய்க்கால் வெட்டியது போலாகும். பழைய கஸ்கெற்றைக் கூரிய உளியாற் சுரண்டும் அவசரக்காரர், தம்மை அறியாமலே இத்தகைய வாய்க்கால்களை வெட்டுகின்றனர்.

இவ்வளவும் எந்திரம் குளிர்ந்திருக்கும் நிலையிற் செய்யும் ஏற்பாடு. எந்திரம் ஓடத் தொடங்கியதும் இரண்டாவது சோதனை வருகின்றது. பொருள்கள் வெப்பத்தால் விரியும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள உருக்குத் துண்டு 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் நீளும். அதே அளவு செம்பு 0.51 மில்லிமீட்டரும், அலுமினியம் 0.69 மில்லிமீட்டரும் நீளும். எனவே அலுமினிய மூடியும் இரும்புத் தொகுதியும் சூடேறும்பொழுது, ஒன்றன்மேல் ஒன்று சிறிது வழுக்கி நகரும். மரையாணிகள் ஒரு வேளை மிகுதியாக இழுபடும், ஒரு வேளை தளரும். படகு துறையை அடைந்து எந்திரம் நின்றதும் யாவும் சுருங்கும். மறுநாள் மீண்டும் விரியும். ஒவ்வொரு பயணமும் அந்த இணைப்பை ஒரு தடவை திறக்கப் பார்க்கின்றது என்றே சொல்லலாம்.

இதனோடு மற்றுமொரு குறை சேரும். நீண்ட நேரம் சூட்டிலும் சுமையிலும் கிடக்கும் மென்மையான உலோகம், மெல்ல மெல்ல நகர்ந்து மெலியும். மெலிந்த அளவுக்கு மரையாணியின் பிடியும் தளரும். செம்பு நசுங்கத் தெரிந்தது. நசுங்கியபின் மீண்டெழத் தெரியாதது. முகங்கள் ஒரு மயிரிழை விலகினாலும் அவற்றைத் தொடர்ந்து எழும்பித் தொட்டுக்கொள்ளும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. வெப்பம் தாங்கும் வளையத்தை அமைப்பதன் முழுச் சிக்கலும் இங்கேயே உள்ளது. அடைப்பதற்கு மென்மை வேண்டும். அடைப்பு நிலைப்பதற்கு மீள்தன்மை வேண்டும். மென்மையான உலோகத்துக்கு மீள்தன்மை இல்லை. மீள்தன்மை உள்ள உலோகத்துக்கு மென்மை இல்லை.

மீள்தன்மை தவறினால் என்ன நேரும் என்பதை உலகம் ஒரு நாள் கண்ணாரக் கண்டது. 1986 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் தேதி, அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு ஏறத்தாழ 73 வினாடிகளிற் சிதைந்தது, எழுவர் உயிரிழந்தனர். பக்கத்து ராக்கெட்டின் இணைப்பில் இருந்த இறப்பர் வளையமே காரணமென விசாரணையில் வெளிப்பட்டது. அது உலோக வளையமன்று. அதைக் கெடுத்ததும் வெப்பமன்று, அன்று காலையின் கடுங்குளிர். ஆயினும் பாடம் ஒன்றுதான். குளிரால் இறுகிய வளையம், இணைப்பு விரிந்தபோது உடனே எழும்பித் தொடவில்லை. எரியும் வாயு இடையே புகுந்துவிட்டது. பௌதிகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபைன்மன், அவ்விறப்பரின் ஒரு துண்டை விசாரணைக் குழுவின் முன்னிலையிலே பனிநீரில் அமிழ்த்தி, அது மீண்டெழாமையைக் காட்டினார்.

மென்மையையும் மீள்தன்மையையும் ஒரே உலோகத்திற் பெற இயலாதெனக் கண்ட எந்திர அறிஞர், வேலையை இரு உலோகங்களுக்குப் பங்கிட்டனர். துருப்பிடியா உருக்கினாலோ நிக்கல் சேர்ந்த கலப்புலோகத்தினாலோ மெல்லிய குழாய் ஒன்றைச் செய்து, அதை வட்டமாக வளைத்து, முனைகளைப் பற்றவைப்பர். உள்ளே வெற்றிடமான இவ்வளையம் நசுங்கும்போது வில்போல எதிர்த்து நிற்கும். அதன் மேனியிலே வெள்ளியை மெல்லிய பூச்சாக ஏற்றுவர்; பூச்சின் கனம் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கே இருக்கும். வெள்ளி 962 பாகையிலேதான் உருகும். செம்பைக் காட்டிலும் மென்மையானது. பள்ளங்களை நிரப்புவது வெள்ளியின் கடமை. மீண்டெழுவது உள்ளிருக்கும் கலப்புலோகத்தின் கடமை.

இன்னும் ஒரு படி முன்னேறி, வளையத்தின் உட்புறத்திலே சிறு துளைகள் இட்டனர். அடைக்கப்பட வேண்டிய வாயு அத்துளைகளால் வளையத்துக்குள்ளே புகுந்து அதனை உள்ளிருந்தே ஊதிப் பருக்கச் செய்யும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். பகைவனின் பலத்தையே காவலனுக்குக் கொடுத்த தந்திரம் இது. குழாயை முழுவதும் மூடாமல், குறுக்கே வெட்டிப் பார்த்தால் பிறைபோலத் தோன்றும்படி ஒரு பக்கம் திறந்த வளையங்களும் உண்டு. சிலவற்றின் வயிற்றுக்குள்ளே நெருக்கமான சுருள்வில்லும் வைக்கப்படும். இப்பிறையின் திறந்த பக்கம் அழுத்தம் வரும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். மாற்றி வைத்தால் அழுத்தம் வளையத்தைத் தாங்காது, நசுக்கிவிடும்.

இத்தகைய வளையம் தட்டையான முகத்தின் மேலே வெறுமனே கிடப்பதில்லை. ஒரு முகத்திலே தவாளிப்பு எனப்படும் வட்டப் பள்ளம் ஒன்றைக் கடைந்து, அதனுள் அதை இருத்துவர். பள்ளத்தின் ஆழம் வளையத்தின் கனத்திலும் சிறிது குறைவாயிருக்கும். மரையாணிகளை இறுக்கும்போது இரு முகங்களும் ஒன்றையொன்று தொட்டு நின்றுவிடும். வளையம் பெரும்பாலும் தன் கனத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே நசுங்கும். சுமையைத் தாங்குவது முகங்களின் வேலை. அடைப்பது மாத்திரமே வளையத்தின் வேலை. இறுக்குபவரின் கைப்பலத்தை அன்றி, கடைந்த பள்ளத்தின் ஆழத்தையே அளவு சார்ந்திருப்பதால், வளையம் அளவுக்கு மீறி நசுங்கிச் சாவதில்லை. அழுத்த நீர் அணு உலைகளின் பெருமூடிகளில் இவ்வாறான உலோக வளையங்கள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக அமைப்பது வழக்கம். உள்வளையம் கசிந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அது தெரிந்துவிடும். வெளிவளையம் அதுவரை காத்து நிற்கும்.

படகு எந்திரங்களும் இப்பாதையிலேயே மாறி வந்துள்ளன. முன்னாளில் உருளை மூடியின் கீழே செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நாரை வைத்த கஸ்கெற்றுகள் இருந்தன. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கொடிய நோயைத் தருவது என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்த உண்மை. பழைய எந்திரத்தைப் பிரிக்கும்போது அதனை உலர்ந்த நிலையிற் சுரண்டுவதும் காற்றடித்து ஊதுவதும் ஆகாது. புதிய எந்திரங்களிற் பலவற்றில், வில்போன்ற உருக்குத் தகடுகள் சிலவற்றை அடுக்கி, உருளை வாயைச் சுற்றிச் சிறு வரம்பு எழுப்பிய கஸ்கெற்றுகள் வந்துள்ளன. இங்கும் வரம்பு மீள்தன்மையைத் தருகின்றது. மேலேயுள்ள மெல்லிய பூச்சு மென்மையைத் தருகின்றது.

தீவகத்தின் கடல் இவற்றோடு தன் சோதனையையும் சேர்க்கின்றது. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால், அங்கே ஒரு சிறு மின்கலம் தோன்றிவிடும். அதிலே கரைந்து போவது அலுமினியம். வளையம் நல்லதாயிருந்தும் அது அமரும் முகம் அரிக்கப்பட்டுக் கசியும். கடல்நீராற் குளிர்விக்கப்படும் எந்திரத்தில் உலோகத்தைத் தெரிவு செய்பவர் வெப்பத்தை மட்டுமன்றி உப்பையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கசிவு திடீரென வருவது அரிது. முன்னரே சில அடையாளங்களைக் காட்டும். புகைக்குழாயின் இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு படியும். குளிர்விக்கும் நீரிலே குமிழிகள் எழும். எண்ணெய் பால்போல வெளுக்கும். இவற்றைக் கண்டபின்பும் ஓட்டினால் எந்திரம் நடுக்கடலில் நிற்கக்கூடும். அதனினும் மறைவான அபாயம் ஒன்று உண்டு. புகைக்குழாயிலிருந்து கசியும் வாயுவிலே காபனோரொட்சைட்டு கலந்திருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் குறைந்த கீழ்த்தட்டிலே பயணிகள் அமர்ந்திருக்கும் படகில், அக்கசிவைச் சிறிய குறையென்று ஒதுக்குதல் தகாது. மரையாணிகளை ஒரு பக்கமாக அன்றி எதிரெதிராக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக, குறித்த அளவுக்கு இறுக்குவது ஒரு சில நிமிட வேலையே. அந்தச் சில நிமிடங்களிலேதான் அடுத்த பல மாதப் பயணங்களின் நலம் தங்கியுள்ளது.

கடலில் மாத்திரமன்று, கரையிலும் இதே வளையங்களின் காவல் தீவகத்துக்கு வேண்டியிருக்கின்றது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நெடுங்காலமாக டீசல் மின்னாக்கிகளாலேயே ஒளி பெற்று வந்தன. இம்மூன்று தீவுகளுக்கும் காற்றையும் சூரியனையும் கொண்டு மின்சாரம் வழங்குவதற்கு, இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அத்திட்டத்திலே 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்னும், 530 கிலோவாற்றுக் காற்று மின்னும், 2,400 கிலோவாற்று மணி மின்கலத் தொகுதியும் அடங்குகின்றன. அவற்றோடு 2,500 கிலோவாற்று டீசல் எந்திரங்களும் காத்திருப்பாக வைக்கப்படுமெனக் குறிக்கப்பட்டுள்ளது. வெயிலும் காற்றும் ஓய்ந்த இரவிலே தீவின் வைத்தியசாலையில் விளக்கு எரிய வேண்டுமாயின், அந்த எந்திரங்களின் இணைப்புகள் கசியாதிருத்தல் வேண்டும்.

நீற்றுப்பெட்டியைச் சுற்றிய ஈரத்துணி முதல் வெள்ளி பூசிய வளையம் வரை, இரு வன்மைகளுக்கு நடுவே இருந்து அவற்றை இணைக்கும் பொருள் ஒன்றின் வரலாறே இது. அப்பொருள் தன் இடத்துக்கு ஏற்ப இசைந்து கொடுக்கவும் வேண்டும். நிலைமை மாறும்போது எழுந்து நிற்கவும் வேண்டும். நெடுந்தீவுப் படகிலே கண்ணயர்ந்து செல்லும் அந்தத் தாய் இவ்வளையத்தை ஒருநாளும் காணப்போவதில்லை. அதனை அளவறிந்து தெரிந்து, முகத்தைத் துடைத்து, முறையறிந்து இறுக்கிய கையையும் அவள் அறியமாட்டாள். படகு மாத்திரம் உரிய வேளைக்குக் குறிகட்டுவானை வந்தடையும்.